சகாயக்காவின் இருமல்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே வரி: அது கரிப் புகையால் வருகிற இருமல்.

சகாயக்கா இறந்துவிட்டதாக அவர் மகள் ஸ்டெல்லா போன வாரம் போனில் சொன்னாள். அம்மா கடைசிவரை நம் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்ததாகவும், குடியிருப்பில் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டாள். அதற்காகவே எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் நம் குடியிருப்பு வாசல் வேப்பமரத்தடியில் பதினோரு வருடம் வண்டி போட்டுத் துணி தேய்த்தவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

எந்தத் துணியிலும் அவர் அடையாளம் போட்டதில்லை. தொட்டே எந்த வீடு என்று சொல்வார். மடிப்பும் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் அலமாரி குறுகல் என்பதால் எங்களுக்கு மட்டும் சட்டையை மூன்றாக மடிப்பார். நம் சங்கச் செயலாளர் சாரின் பேண்ட்டைத் தேய்க்கும்போது மட்டும் பேசமாட்டார். கேட்டால், "ரெண்டு கோடு விழுந்துச்சுன்னா எனக்கு ஆயுள் தண்டனை பாப்பா" என்பார்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், காசநோய் இல்லை, இஸ்திரிப் பெட்டியின் பல வருடக் கரிப் புகைதான், யாருக்கும் ஒட்டாது என்றார். திரும்பும் வழியில், பஸ் காவிரிப் பாலத்தில் நின்றிருந்தபோது, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. சீக்குக்காரின்னு தெரிஞ்சா துணி போடமாட்டாங்க."

பிறகு ஊரடங்கு. ஆபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கல்யாணம் இல்லை. தேய்த்த துணி யாருக்கும் தேவைப்படவில்லை. ரேஷன் அரிசியை மூன்று வேளையும் கஞ்சியாகக் குடித்ததாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னது பின்னால்தான். இரண்டாம் வருடம் கொஞ்சம் தளர்ந்ததும் வண்டி மரத்தடிக்கு வந்தது. துணி மூட்டையை கேட்டில் மாட்டி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுத்தான் அவர் தொடலாம் என்று நாம் விதி வைத்தோம். நம் முகக்கவசங்களைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்தார்.

மறுபடி தொற்று ஏறியது. பட்டப்பகலில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. இதய நோயாளியான அப்பா மதியம் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிறதா என்று வாசற்படியில் நின்று பார்ப்பேன். என் கைகளையே நான் நம்பவில்லை.

அக்காவும் பயந்திருந்தார், இருமலுக்கு. நம் முன்னால் அதை அடக்கிக்கொண்டு, டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். மாடியிலிருந்து யாரோ பார்த்துவிட்டார்கள். எதிரில் இருமியிருந்தால் பழைய இருமல் என்று விட்டிருப்போம். ஒளிந்து இருமியதுதான் வினையாயிற்று.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கூட்டம் நடந்தது. அக்கா கேட்டுக்கு வெளியே நின்றார். செயலாளர் சார் அந்த வாரம்தான் தொற்றுக்குத் தம்பியைப் பறிகொடுத்திருந்தார்.

"ஒளிஞ்சு நின்னு இருமுனியா இல்லையாம்மா?"

"இருமுனேன் சார். பழைய இருமல். பாப்பாவுக்குத் தெரியும்." என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

எல்லோரும் திரும்பினீர்கள். ரகசியம் காக்கச் சொன்னவரே சொல்லச் சொல்கிறார். டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டதே, இது புதிய இருமலாக இருந்தால், நாளை அப்பாவுக்கு வந்தால் என்று மனம் ஓடியது. "எனக்குச் சரியாத் தெரியலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பாப்பா பயந்துபோயிருக்கு, விடுங்க சார். நான் போயிக்கிறேன்" என்றார்.

பெட்டியிலிருந்த கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வேறு தெருவிலும் யாரும் துணி போடவில்லை. வண்டியை விற்றுவிட்டு ஜீயபுரத்தில் வாழைத்தார் சுமக்கப் போனார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த "விடுங்க சார்"தான். என்னைக் காட்டிக்கொடுக்காமல், எனக்காகப் பரிந்து பேசிய குரல்.

பத்து நாள் கழித்து நம் குடியிருப்பில் முதல் தொற்று வந்தது. எங்கள் வீட்டில்தான். மருந்துக்கடைக்குப் போய்வந்த நான் கொண்டுவந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். சகாயக்காவை நாம் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.