வாசலைப் பார்த்த நாற்காலி

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாளின் மீசையை முதலிலேயே அறிமுகம் செய்துவிட வேண்டும். இந்தக் கதையில் அதிகம் வேலை பார்த்தது அதுதான். ஆய்க்குடி, செங்கோட்டை என்று மாற்றலாகிப் போன ஸ்டேஷனுக்கெல்லாம் அவருக்கு முன்னால் மீசை போய்ச் சேர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற பிறகும் அது பணியில் நீடித்தது.

மனைவி ஆனந்தவள்ளி போய்ச் சேர்ந்த பின் அவருக்கு வந்த சோதனை சாயங்காலச் சாப்பாடு. சமைக்கத் தெரியாமல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் வீடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பரோட்டாக் கடைக்குப் போனால், "அண்ணாச்சி, ஒரு ஆளுக்குத்தான?" என்று மாஸ்டர் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். மெஸ்ஸில் எதிரே வந்து உட்காருகிறவர்கள் சாம்பார் வருவதற்குள், "மவ வந்து கூட்டிட்டுப் போவலையா?" என்று விசாரணையை முடித்துவிடுவார்கள். காலமெல்லாம் விசாரித்த மனிதருக்கு விசாரிக்கப்படுவது ஒத்துக்கொள்ளவில்லை.

அடைக்கலம் கொடுத்தது, குற்றாலம் ரோட்டில் முகம்மது ரபீக் திறந்த இத்தாலியன் ரெஸ்டாரன்ட். ரபீக் தோஹாவில் பீட்சா அடுப்புக்கு முன்னால் இளமையைக் காயவைத்தவர். பாவூர்சத்திரம் தக்காளிக்கு இத்தாலியக் குடியுரிமை வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவர். மேசைக்கு இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. கரண்ட் இருக்கும்போதே மெழுகுவர்த்தி ஏற்றும் ஊதாரித்தனம் அந்த வட்டாரத்தில் அங்கே மட்டும்தான் உண்டு. ஒருவர் மேசையில் இன்னொருவர் வந்து உட்காருவதில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சுற்றிலும் பேச்சுச் சத்தம் இருக்கும். பெருமாளுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். பாஸ்தா ஒரு சாக்கு.

போலீஸ் வழக்கப்படி முதுகைச் சுவருக்கும் முகத்தை வாசலுக்கும் கொடுத்து மூலை மேசையில் உட்காருவார். எதிர் நாற்காலி காலியாக இருக்கும். ஆனந்தவள்ளி அதில் இருந்தால் பாஸ்தாவில் என்ன குறை கண்டுபிடிப்பாள் என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவார். அநேகமாக உப்பு.

வில்லங்கம் வாசல் வழியாக வந்தது. கைகோத்து நுழையும் இளஞ்ஜோடிகள் மீசையைக் கண்டதும் கையை உதறின. ஒருத்தன் யாரும் கேட்காமலே, "இது என் சித்தி மவ சார்" என்று வாக்குமூலம் கொடுத்தான். பெருமாள் ஆறுதலாகச் சிரித்தார். மீசையும் சேர்ந்து சிரித்ததில், ஜோடி பாதிப் பீட்சாவைப் போட்டுவிட்டு ஓடியது.

ரபீக் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய."

"சொல்லும் பாய்."

"நீங்க இருந்தா பிள்ளைய உள்ள வர மாட்டேங்கு."

"நான் என்னவே செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. தனியா உக்காந்து பாக்குதிய. டூட்டியில இருக்க மாதிரி இருக்கு. வீட்டுக்கே சுடச்சுட பார்சல் அனுப்பிருதேன்."

பார்சல் என்றால் மறுபடியும் அந்த வீடு.

"தனியா உக்காந்ததுதான குத்தம்? அடுத்த வாரம் ஆளோட வாரேன்."

வந்தார். கூட்டிவந்த ஆள் சுடலைமுத்து, ஓய்வுபெற்ற ஏட்டு. அதே கிராப்பு, மீசை மட்டும் ஒரு சுற்று பெரிது.

"எதுத்தாப்ல உக்காரும்வே."

"வாசலுக்கு முதுகு காட்டச் சொல்லுதீரா? அது நம்ம சர்வீஸ்லயே கிடையாதுல்லா!" என்ற சுடலைமுத்து, நாற்காலியை இழுத்துப் பெருமாளுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

இப்போது இரண்டு மீசைகள் தோளோடு தோள் ஒட்டி வாசலைப் பார்த்தன. நடுவே மெழுகுவர்த்தி எரிந்தது. இத்தாலியன் ரெஸ்டாரன்டில் ரெய்டு என்ற செய்தி குற்றாலம் மெயினருவி வரைக்கும் போனது. கொல்லத்திலிருந்து பிள்ளைகுட்டியோடு சீசனுக்கு வந்திருந்த ஒரு அப்பாவிக் குடும்பம்கூட எழுந்து போய்விட்டது. "என்னவே, சேமியாவுக்குச் சீனி போடலையே?" என்று சுடலைமுத்து கேட்டது காலி ஹாலில் எதிரொலித்தது.

அடுத்த வாரம் பெருமாள் சலூனில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார்.

"வாங்க சார், எத்தன பேரு?" என்று வாசலில் ரபீக் கேட்டார்.

"ஒரு ஆளு," என்றார் பெருமாள், குரலைத் தாழ்த்தி.

ஹால் நிறைந்திருந்தது. ஜோடிகள் கையை விடவில்லை. ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலை மேசையில் பேச்சுச் சத்தத்தை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பிறந்தநாள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மீசை இருந்தவரை அங்கே ஒருவருக்கும் வராத தைரியம் அவளுக்கு வந்திருந்தது.

"அங்கிள், இந்தச் சேர்ல யாராச்சும் வாராங்களா?"

பெருமாள் நாற்காலியைப் பார்த்தார்.

"இல்லம்மா. எடுத்துக்கிடு."

பாஸ்தா வந்தது. உப்பு போதவில்லை.

"பாய், கொஞ்சம் உப்பு."

குரலைக் கேட்டு ரபீக் திடுக்கிட்டுத் திரும்பினார். "அண்ணாச்சியா! அல்லாவே, மீச எங்க?"

"லீவுல போயிருக்கு."

"எதுத்தாப்ல கெடந்த சேரு எங்க?"

"அதுவும் கூடப் போயிட்டு," என்று சொல்லிவிட்டுப் பெருமாள் வாசலைப் பார்த்தார்.