நடுவழி யார்டில் முப்பது நிமிடம்

எங்கள் யார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிதானம்' என்றால்தான் தெரியும். டிரெய்லரை லாரியிலிருந்து கழற்ற மற்ற டிரைவர்களுக்குப் பத்து நிமிடம் போதும்; இவருக்கு இருபது ஆகும். சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகும் மறுபடி குனிந்து பார்ப்பார். டிரெய்லரின் ஊன்றுகால்களை இறக்கிவிட்டு, தரை தாங்குகிறதா என்று பூட்ஸ் முனையால் தட்டிப் பார்ப்பார்.

"என்ன நிதானம், டிரெய்லருக்குத் தாலாட்டுப் பாடிட்டு வர்றீங்களா?" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

நான் அந்த யார்டின் வாசல் அறையில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளுக்குச் சீட்டு எழுதுகிறவன். தெற்கே துறைமுகத்திலிருந்து வரும் சரக்கும் வடக்கே ஆலைகளிலிருந்து வரும் சரக்கும் எங்களிடம்தான் கைமாறும். தெற்கு டிரைவர் தன் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, வடக்கிலிருந்து வந்ததை மாட்டிக்கொண்டு திரும்புவார். வடக்கு டிரைவரும் அப்படியே. பொழுது சாய்வதற்குள் அவரவர் ஊர்.

நிதானம் தெற்குக்காரர். வடக்கிலிருந்து கம்பெனியின் முதல் பெண் டிரைவர் வந்து இறங்கியபோது இவருக்கு நாற்பத்தோரு வயது. கல்யாணப் பேச்சே அவர் வாழ்க்கையிலிருந்து ஓய்ந்துபோயிருந்தது. அந்த அம்மாவுக்கு முப்பத்தெட்டு. வந்த முதல் வாரமே, அவர் கட்டையை மூன்றாவது தடவை குனிந்து பார்ப்பதைக் கண்டு, "ஏங்க, அது என்ன எழுந்து ஓடியா போயிடும்?" என்று கேட்டாள்.

"கட்டை ஓடாதும்மா. வண்டிதான் ஓடும்" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம். எங்களில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுப் போய்வந்தோம்.

கல்யாணம் ஆனதே தவிர, குடித்தனம் வாய்க்கவில்லை. அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் மகள்தான். இருபது வருடம் இருந்த வீட்டை விட்டு வர அப்பாவுக்கு மனமில்லை. நிதானம் வடக்குக்கு மாற்றல் கேட்டார். அங்கே இடம் காலியில்லை. ஆக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவு பஸ் பிடித்துப் போவார். ஒன்பது மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் மாமனார் கண்கலங்குவார்.

"என்னாலதானே மாப்ள உங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கஷ்டம்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. காலை நீட்டுங்க, எண்ணெய் தேச்சு விடுறேன்."

மற்ற நாட்களில் அவர்களுக்குக் கிடைத்தது மதியம் யார்டில் முப்பது நிமிடம். கழற்றுவது, மாட்டுவது, சாப்பிடுவது எல்லாம் அதற்குள். அவள் மளமளவென்று தன் வேலையை முடித்துவிட்டு வந்து இவர் பக்கத்தில் நிற்பாள். பிறகு வேப்பமரத்தடி பெஞ்சில் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

"வர்ற வழியெல்லாம் அவகிட்ட சொல்றதுக்குச் சேத்து வச்சுக்கிட்டே வருவேன்" என்றார் என்னிடம் ஒருநாள். "வந்து பக்கத்துல உக்காந்தா ஒண்ணும் வாயில வராது. உப்பு போதுமான்னு கேப்பேன். அவ்வளவுதான்."

அந்தக் கோடையில் ஒருநாள் அவளுக்கு வழியில் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. யார்டின் தார்த்தரை செருப்பில் ஒட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் ஊன்றுகாலுக்கு அடியில் பலகை போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் பலகை யார்டின் மறுகோடியில் கிடந்தது. பெஞ்சில் அவர் காத்திருந்தார்.

பிரேக்கைப் போட்டாள், கட்டையை வைத்தாள், கால்களை இறக்கினாள், காற்றுக் குழாய்களைப் பிடுங்கினாள், டிரெய்லரை லாரியோடு பிணைக்கும் பூட்டின் கைப்பிடியை இழுத்தாள். லாரியை நகர்த்தினாள். கொஞ்சம் நகர்த்தி நிறுத்தி, டிரெய்லர் தன் காலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழுக்க வெளியே எடுக்க வேண்டும். அன்று அவள் நிறுத்தவில்லை.

"நிறுத்து! நிறுத்தும்மா!"

நிதானம் ஓடியதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவள் பிரேக்கை மிதிக்கவும், இடது ஊன்றுகால் தாரில் சொருகவும் சரியாக இருந்தது. டிரெய்லரின் முன்பகுதி சாய்ந்து, இன்னும் வெளியே வராதிருந்த லாரியின் பின்சட்டத்தில் மடாரென்று உட்கார்ந்தது. உள்ளே முழுக்கக் காகித உருளைகள். இன்னும் இரண்டடி நகர்ந்திருந்தால் அத்தனையும் தலைகுப்புற விழுந்திருக்கும்.

அவள் இறங்கி வந்தாள். அவர் திட்டவில்லை. அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார், கிரேன் வரும்வரை.

மேலாளர் கெட்டவர் இல்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இங்க இருந்தா, கண்ணு வண்டி மேல இருக்காது. நாளைக்கு யாராவது அடியில மாட்டினா நான் என்ன பதில் சொல்றது?"

"தப்பு என்னோடது சார். அவரு ஒண்ணும் பண்ணல" என்றாள்.

"தெரியும்மா. அதனாலதான் வேலையில கை வைக்கல. நேரத்தை மட்டும் மாத்துறேன்."

மறுநாளிலிருந்து அவளுக்குப் பதினோரு மணி, இவருக்குப் பன்னிரண்டரை. அவள் விட்டுப்போன டிரெய்லர் இவருக்காக நிற்கும். அவள் இருக்க மாட்டாள். வந்ததும் நேராக அந்த டிரெய்லரிடம் போவார். கால்களுக்கு அடியில் பலகைகள் கோடு போட்டதுபோல் இருக்கும். குழாய்கள் தூசி படாமல் சுற்றி மாட்டியிருக்கும். அவர் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஓடி வந்த சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். கையை எடுக்காமல் அப்படியே நிற்பார். நான் சீட்டில் எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவளும் சும்மா போகமாட்டாள். "நேத்து எப்படி இருந்தாரு? சாப்பிட்டாரா? இளைச்சிருக்காரா?" என்று என்னைத் துளைத்தெடுப்பாள். ஃபோனில் தினமும் பேசிக்கொள்கிறவர்கள்தான். ஆனாலும் கண்ணால் பார்த்தவன் நான்தானே.

ஏழு மாதம் இப்படிப் போனது. அப்போது யார்டில் கழற்றி மாட்டும் வேலைக்கென்றே ஓர் ஆளைப் போடுவதாகக் கம்பெனி முடிவு செய்தது. சம்பளம் குறைவு. ரோட்டில் ஓட்டியவர் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தோம். நிதானம் கேட்டார்.

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா ஓட்டுறவரு நீங்க. யார்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

"தெரியல சார். இருந்து பாக்குறேன்."

"உங்க வீட்டம்மா வண்டியையும் நீங்கதான் கழட்டுவீங்க, இல்ல?"

"எல்லார் வண்டியையும்தான் சார்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் கையில் எதுவும் தப்பாது என்பது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

யார்டுக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். இங்கிருந்து வடக்கே நாலரை மணி நேரம்தான் என்பதால் வாராவாரம் போய்வருகிறார். அவள் வண்டி பதினோரு மணிக்கு வரும். இவர் பலகையோடு தயாராக நிற்பார். கழற்றி முடிக்க அதே இருபது நிமிடம். அவள் இறங்கிப் பக்கத்திலேயே நிற்பாள். மிச்ச நேரம் பெஞ்சு. பிறகு அடுத்த டிரெய்லரோடு அவள் கிளம்பிவிடுவாள். அவள் அப்பாவின் மருந்துக்கு நேரமாகும்.

தெற்கிலிருந்து வரும் டிரைவர்களிடம் அவர் ரோட்டைப் பற்றி விசாரிப்பார். கடலோரப் பாலத்தில் வேலை முடிந்துவிட்டதா, காற்று எப்படி அடிக்கிறது என்று. கேட்கும்போது கைகள் தானாக ஸ்டியரிங் பிடிப்பதுபோல் உயரும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

"வருத்தமா இருக்கா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு" என்றார். "ரோடும் வேணும்னுதான் இருக்கு. அவளும் வேணும். இதுல அரை மணி நேரம் கெடச்சிருக்கு. அதை விட முடியுமா?"

நேற்று ஒரு டிரெய்லரின் காலை இறக்கிக்கொண்டிருந்தவர், கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு வடக்கே பார்த்தார். "இப்ப ஏரிக்கரை வளைவு தாண்டியிருப்பா" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. பிறகு குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.