மூடியில் எழுதிய எண்கள்

நெய்வேலியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் துணி கிடைத்தால் எதையாவது துடைத்துவிடுவோம். அனல்மின் நிலையத்துக் காற்று குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பிவிட்டால் ஜன்னல் கம்பி, வண்டி சீட், செம்பருத்தி இலை, எல்லாவற்றின் மேலும் சாம்பல்தான். அந்தத் துடைக்கிற கைதான் என் நான்கு வருட உழைப்பை ஒரே காலையில் துடைத்துப் போடப் பார்த்தது.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். வேலையோடு வேலையாக ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். கடலூர்ப் பக்கம் ஒரு மீனவ ஊரில் அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களில் இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தமான சின்ன உயிர்கள் வாழ்கின்றன. பெரிதென்றால் விரல் நுனி அளவு, சிறிதென்றால் ரவை. எது எந்த உயரத்தில் இருக்கிறது, வெயில் முகத்திலா நிழல் முகத்திலா என்பதுதான் என் கேள்வி. மேலே காய்ந்த கல்லில் கரப்பான் மாதிரி ஓடுகிற ஒன்று. நடுவில் ஓட்டுக்குள் ஒடுங்கி, கல்லோடு கல்லாக ஒட்டிய கொட்டலசு. கீழே பாசியை உதறினால் துள்ளும் பொடிசுகள். நிழல் முகத்தில் மட்டும் அந்தப் பொடிசுகள் நடுக்கல் வரைக்கும் ஏறி வந்திருந்தன. என்னைவிட வெயிலுக்குப் பயந்த ஜென்மங்கள்! கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் எண்ணிக் காட்டினால்தானே நம்புவார்கள்?

முப்பத்தாறு கண்ணாடி பாட்டில்களில் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எந்த எண் எந்தக் கல்லில் எடுத்தது என்பது நோட்டில் இருந்தது. அந்த எண்ணை நீல மார்க்கரால் மூடியில் எழுதியிருந்தேன். பென்சிலால் சீட்டு எழுதி பாட்டிலுக்குள் போட வேண்டும் என்று வகுப்பில் நீட்டி முழக்குகிறவள்தான் நான். அன்றைக்கு அலை ஏறிக்கொண்டிருந்தது, பாட்டிலெல்லாம் ஈரம், மூடிதான் காய்ந்திருந்தது. சோம்பேறித்தனம், வேறென்ன.

என் கணவர் சுரங்கத்தில் நிலக்கரி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பும் செக்ஷன். பாட்டில்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"மூடில எழுதிகினு வந்திருக்கியே, மூடி மாறிச்சுன்னா? எங்க செக்ஷன்ல இப்படி எழுதினா வெளிய போன்னுருவாங்க."

"இது உங்க கரி இல்லீங்க. என் பாட்டில்ல யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரி தாயே" என்று கும்பிட்டார். பாட்டில்கள் பின் வராந்தா அலமாரியில் ஏறின.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணலாம் என்று உட்கார்ந்தேன். வெயிலில் ஸ்பிரிட் குறைந்திருந்தது. எல்லாவற்றையும் தரையில் இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றி, மூடி, மேலே இருந்த சாம்பலைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். முடித்துவிட்டுத் துணியைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. சாம்பல் எந்த ஊரில் நீலமாக இருக்கும்?

ஸ்பிரிட்டில் நனைந்த துணி. ஒரு மூடியிலும் எண் இல்லை. ஐயையோ என்று வாய்விட்டே கத்தினேன். மறுபடி போய் எடுக்கலாமென்றால் அந்த இடத்தில் புதுக் கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கும் உயிரைப் பார்த்து, இது கீழ்க்கல், இது மேல்கல் என்று எழுதலாம்தான். எது எங்கே வாழ்கிறது என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு? விடையைப் பார்த்துக் கேள்வியை எழுதினால் அது ஆராய்ச்சி இல்லை, திருட்டு. கெடுவை ஏற்கெனவே ஒரு முறை நீட்டியாயிற்று. இனி நீட்ட மாட்டார்கள். பட்டம் போயிற்று என்றே முடிவு செய்து சமைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு அவர் வந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்னா, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?" என்று பதறினார். சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது பலித்துவிட்டதே என்கிற எரிச்சல் வேறு.

அவர் பூட்ஸ் காலோடு வராந்தாவுக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து என் முன்னால் நீட்டினார். அடிக் கண்ணாடியில் கோணல்மாணலாக 9 என்று கீறியிருந்தது. அடுத்ததில் 22. கழுத்தில் ஓரம் உடைந்த பாட்டில் ஒன்று இருந்தது. அது பதினேழு என்று என் நோட்டில் குறித்திருந்தேன். அதைக் கவிழ்த்தேன். 17.

அப்பாடா! உயிர் வந்தது.

"எப்பங்க செஞ்சீங்க?"

"நீ சண்ட போட்டியே, அதுக்கு மறுநா. நீ ஸ்கூல் போயிருந்த. எங்க செக்ஷன்ல கண்ணாடில கீற ஒரு பேனா இருக்கு, ஒரு நாளைக்கு வாங்கிகினு வந்தேன்."

நன்றி சொல்ல வேண்டிய நேரம்தான். என் வாய் சும்மா இருக்குமா?

"கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. அதான் நீ பாக்காத எடமா பாத்து எழுதினேன்."

அழுதுகொண்டே சிரித்தேன். முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அவர் எண்ணைப் படிக்கப் படிக்க நான் பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே போட்டேன். கடைசிச் சீட்டு விழும்வரை அவர் பூட்ஸைக் கழற்றவில்லை, சோறு எங்கே என்றும் கேட்கவில்லை.