தெதுரு ஓயாவில் விடாமல் கத்திய மெஷின்

இன்று காலை தெதுரு ஓயா ஆற்றுப் பாலத்தடியில் ஒரே கூட்டம். பார்க்காமல் போக மனம் வரவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன்.

உடப்பு ஊர்க்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். நேற்றுக் குளிக்கும்போது மனைவியின் தாலிக்கொடி ஆற்றில் விழுந்துவிட்டதாம். உலோகம் தேடும் மெஷினைத் தண்ணீருக்குள் விட்டுக் காலடியில் தடவுகிறார். மெஷின் கத்துகிறது. கரையில் நிற்கும் அவருடைய மச்சான் பம்ப்பைப் போட்டு, அந்த இடத்து மணலை உறிஞ்சிச் சல்லடையில் கொட்டுகிறார்.

வெறும் மட்டிச் சிப்பி.

இன்னோர் இடத்துக்குப் போனார். அங்கேயும் கத்தியது. போன இடமெல்லாம் கத்தியது.

“ஆறு முழுக்கத் தங்கம்தான் போல” என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

திடீரென்று கரையில் நின்ற அவர் மனைவி தலையில் கை வைத்தார். “ஐயோ, உங்கட கால்ல முதலை பிடிக்காமக் கட்டின செப்புத் தாயத்து கிடக்கல்லோ! அதுக்குத்தான் கத்துது. கழட்டுங்க!”

“கழட்டினா முதலைக் கட்டு விட்டுப் போயிரும்” என்றபடி கரையேறி, மெஷினை மச்சானிடம் நீட்டினார்.

“எனக்குத் தாயத்துக் கட்டவே இல்லையே” என்று மச்சான் எங்களைப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது.

மெஷினும் பம்ப்பும் தயார். தாயத்துக் கட்டாத கால் மட்டும்தான் வேண்டும். யார் வருகிறீர்கள்?