காதர் தம்பி ஒட்டிய டேப்

என் மூத்த பேத்தி டாக்டராகிவிட்டாள். பேரன் அருண் கிளமெண்டியில் எஞ்சினியரிங் படிக்கிறான். சின்னவள் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினாள். ஐந்தாவது வரை படித்த நான் இதை எழுதிக் காட்டாமல் யார் எழுதுவது? பட்டம், கோப்பை, அவர்களுடைய தாத்தா காவடி எடுத்தது, எல்லாப் படமும் எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இருக்கிறது. அது அழியாமல் காப்பாற்றிக் கொடுத்த காதர் தம்பி வியாழக்கிழமை மௌத்தாகிவிட்டார். அவர் மனைவி போன் செய்தபோது அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்லண்ட்ஸிலிருந்து நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். முகம் பார்க்கவில்லை.

நம் அடுக்குமாடி புளோக்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. லிட்டில் இந்தியாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். போன வருடம் எங்கள் பெட்டி அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்தது. பெட்டியை ஓட்டுகிற ஃபர்ம்வேர் பழசாகிவிட்டது, புதுசு ஏற்ற வேண்டும் என்றார்.

"பத்து நிமிஷ வேலைதானே அங்கிள், நேரா போட்டுடலாம் லா," என்றான் அருண்.

"பாதியில கெட்டுப்போனா உங்க தாத்தா படத்த யாருப்பா திரும்ப எடுக்குறது? முதல்ல காப்பி. அப்புறம்தான் அப்டேட்."

படம் முழுவதையும் வேறொரு டிஸ்கில் ஏற்றி, திறந்து பார்த்தார். பெட்டியின் அடியில் இருந்த மாடல் நம்பரைச் சரிபார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பது என் வழக்கம். அது அவருக்குத் தெரியும்.

"அக்கா, இது முடியறவரைக்கும் சுவிட்சத் தொடக்கூடாது. நடுவுல கரண்ட் போனா பெட்டி செத்துடும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா தம்பி?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னா கேக்கும்லா," என்று சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார்.

போன வாரம் திரையில் மறுபடியும் அப்டேட் கேட்டது. "ஞாயிறு வரேன் அக்கா, அதுவரைக்கும் தொடாதீங்க," என்றார்.

ஞாயிறு வந்தது. "எனக்குத் தெரியும் பாட்டி, நான் போடவா?" என்றான் அருண்.

"இருடா, அவரு வரேன்னு சொல்லியிருக்காரு," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வியாழக்கிழமையே அவர் போய்விட்டது நினைவுக்கு வந்தது. திரை இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அவர் ஒட்டிய டேப் சுவிட்சின் மேல் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் வெளியே கிளம்பும்போது அந்த ஒரு சுவிட்சை மட்டும் விட்டுவிட்டுப் போகிறேன்.

பெட்டி முழுக்கத் தேடிவிட்டோம், அவர் படம் ஒன்றுகூட இல்லை. நம் புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பது கறுப்பு மீசையோடு இருந்த காலத்துப் படம். நாம் பார்த்த காதர் அது இல்லை. யாரிடமாவது புதுப் படம் இருந்தால் இங்கே போடுங்கள். முதலில் அருணைக் காப்பி எடுத்து வைக்கச் சொல்கிறேன்.