ஓசி மருந்தும் மாரிமுத்துவின் குடலும்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த என் கூட்டாளிகளே, நோயைக் கண்டுபிடிப்பது நமக்கு லேசு. ஓசி மருந்தைக் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பட்டதைக் கேளுங்கள், உங்கள் பாடு உங்களுக்குக் கொஞ்சம் ஆறும்.

சர்பத்

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலை பிரித்து முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு வெறும் போத்தலோடு என் வாசலில் வரிசை நிற்கும். காய்ச்சல் மருந்தைக் குடிக்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து, பாவமே என்று ஒருநாள் அதில் சீனிப்பாகு ஊற்றிவிட்டேன். மறுநாள் கொழுந்து பறிக்கிற ராமாயி போத்தலை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரு மடக்குக்கூடக் குறையவில்லை. தோட்டம் சும்மா கொடுக்கிற மருந்தில் பாதி தண்ணீர் என்று அவளுக்கு முன்னமே சந்தேகம். நான் அதை உறுதியாக்கிவிட்டேன்.

"கசந்தாலாச்சும் எதையோ போட்டிருக்காங்கன்னு நம்பலாம். இது சர்பத்துங்க ஐயா."

வெற்றிலை

பழைய கசப்பையே கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது. இறங்கிய கையோடு ராமாயி வெற்றிலை பாக்குடன் வந்து நின்றாள். கைமாறாக ஒன்றும் கொடுக்காமல் வாங்கின மருந்து உடம்பில் ஒட்டாது என்பது அந்த லயத்து வீடுகளில் எல்லோருக்கும் நம்பிக்கை. தோட்டம் எனக்குச் சம்பளம் தருகிறது, நான் வெற்றிலை போடுகிறவனும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நகரவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டேன்.

"வாங்கலைன்னா காய்ச்சல் திரும்பி வந்துரும். அப்புறம் நீங்கதான மறுபடியும் கலக்கணும்?"

ஓட்டு

அவள் புருஷன் மாரிமுத்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருக்குக் குடலிறக்கம். இருமினால் அடிவயிறு புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். என்றைக்காவது போகாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, டவுனுக்குப் போய் அறுவை செய்துகொள்ளுங்கள் என்று தலைகீழாக நின்று தண்ணி குடித்தேன். அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, காசு வாங்கமாட்டார்கள் என்றேன். அத்தோடு காரியம் கெட்டது. சுதந்திரம் வந்த கையோடு கவர்மெண்டு தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையையும் ஓட்டையும் பறித்த ஆத்திரம் அவருக்கு ஆறவே இல்லை. எனக்கோ அவர் மேல் அப்படி ஒரு கோபம்.

"ஓட்டே இல்லாதவனுக்கு ஓசியில கத்தி வச்சா, அத பாத்து வப்பாங்களாங்க?"

பில்

மழை பிடித்த ஒரு காலையில், கவ்வாத்து மலையிலேயே குடல் மாட்டிக்கொண்டது. கொழுந்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வாதாட அவருக்குத் தெம்பில்லை. கத்தி பிடிக்கப் போன சிங்கள டாக்டரை வழிமறித்து, ராமாயி மடியிலிருந்த வெற்றிலையை நீட்டிக் கும்பிட்டாள். வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவது சிங்களவர்கள் வழக்கமும்தானே. அவர் இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்திலிருந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாரிமுத்து பிழைத்தார். நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஆள் வந்தது. வீட்டுக்குப் போகச் சொல்லியும் மனிதர் கட்டிலை விட்டு இறங்கவில்லையாம். போய்ப் பார்த்தால் மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ராமாயி. பில் வராமல் கிளம்பினால் வாசலில் மறித்துப் போலீசில் கொடுத்துவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் பயம். பில்லே வராது, செலவெல்லாம் கவர்மெண்டுடையது என்றேன். எந்தக் கவர்மெண்டு என்று கேட்டார். இருப்பது ஒன்றுதான், ராமாயி பறிக்கிற கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறும்போது வரி வாங்குகிறதே, அதே கவர்மெண்டுதான் என்றேன். ராமாயி தன் விரலில் இருந்த கொழுந்துக் கறையைப் பார்த்துக்கொண்டாள். மாரிமுத்து மெதுவாக இறங்கி நின்று, கும்பிட ஆள் தேடுகிறவர் மாதிரி வார்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஓட்டு இல்லைன்னு சொன்னவங்களும் தையல் போட்டவங்களும் ஒரே ஆளுங்களா ஐயா?"

எதைக் கேட்டாலும் ஒரு போத்தல் மருந்தைக் கையில் கொடுத்துச் சமாளித்துவிடுகிற நமக்கு, அந்தக் கேள்விக்குக் கொடுக்க மட்டும் அலமாரியில் ஒன்றும் இருக்கவில்லை.