தபசு மரத்தில் கோமாளி

எங்கள் கூத்து ஜமாவில் வில்வீரன் வேஷம் கட்டிய கட்டைக்குரல்காரர் மாசியில் இறந்துபோனார். நான் கட்டியங்காரன், அதாவது ஜமாவின் கோமாளி. சித்திரையில், ஜமுனாமரத்தூர் போகிற வழியில் ஒரு மலையூருக்குத் தபசுக் கூத்து ஆட ஒப்புக்கொண்டிருந்தோம்.

வில்வீரன் சிவனிடம் அஸ்திரம் கேட்டுத் தவம் செய்கிற கதை அது. நட்டுவைத்த பனைமரத்தில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏற வேண்டும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் படுத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர்களுக்கு எலுமிச்சம்பழம் எறிய வேண்டும். செத்தவரை விட்டால் அந்தப் பாட்டெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"விரதம் இருந்தியா, கறி துன்னியா?" என்றார் ஜமா வாத்தியார்.

"விரதம்தாங்க. பயத்துல சோறு எறங்கல."

படுத்திருந்த பெண்களில் செத்தவரின் மகளும் இருந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன.

"சித்தப்பா, அப்பா கையால வாங்கலாம்னு இருந்தேன். நீங்க பாதியில எறங்கிடாதீங்க."

"ஒனக்குப் பழம் போடாம எறங்க மாட்டேம்மா."

சொன்ன பிறகுதான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் சாயும்போது ஏறினேன். நடுமரத்தில் நின்றுவிட்டேன். கீழே தலைகள் கேழ்வரகு மாதிரி தெரிந்தன.

"எறக்குங்கடா டேய், தல சுத்துது" என்று அலறினேன்.

ஊரே சிரித்தது. "இன்னாமா நடிக்கிறான் பாரு" என்றது ஒரு குரல். மேளக்காரன் என் அலறலுக்குத் தாளம் வேறு போட்டான். ஆயுசெல்லாம் பொய்யாக அழுதவன் நிஜமாக அழுதால் இதுதான் கிடைக்கும்.

மரத்தைக் கட்டிக்கொண்டேன். வாலிபத்தில் வில்வீரன் ஒரே அம்பில் பெண்ணை ஜெயிக்கிறான். நடுவயதில், கையில் இருக்கிற ஆயுதம் போதாதென்று தெரிந்து தவத்துக்குப் போகிறான். எனக்குச் சர்க்கரை மாத்திரை, மூட்டுத் தைலம். பிறகு பெற்ற பிள்ளையைப் போரில் பறிகொடுக்கிறான். கடைசியில் வழிப்பறிக் கும்பலுக்கு முன்னால், வில்லை நாணேற்ற முடியாமல் நிற்கிறான். அந்தக் கடைசிக் கதையை ஆட எங்களை எந்த ஊரும் கூப்பிட்டதில்லை. ஆனால் நான் பார்த்திருக்கிறேன். மாசியில், சாவதற்கு முன் அவர் வீட்டில், தண்ணீர் டம்ளரைத் தூக்க முடியாமல், தன் வலக்கையையே அவர் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான் எதிரே நின்றது. அதனால் திறந்தே வைத்திருந்தேன்.

அடுத்த பாட்டு மறந்துபோயிற்று. கீழே அவர் மகள் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. ஊர் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சும்மா வாயைத் திறந்தேன். பாட்டு வந்தது. என் குரல் கீச்சுக்குரல். வந்தது கட்டைக்குரல். சிரித்துக்கொண்டிருந்த ஊர் அடங்கிப்போயிற்று. பயத்தில் தொண்டை அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குரல் பாடப் பாட ஏறினேன்.

உச்சியிலிருந்து முதல் பழத்தை அவளுக்கு எறிந்தேன். முந்தானையில் விழுந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுதபடி மேலே பார்த்தாள். என்னை இல்லை. என் தலைக்கு ஒரு முழம் மேலே, மரமே இல்லாத இடத்தை.

மற்றவர்களுக்கும் எறிந்துவிட்டு, கால் தடவித் தடவி இறங்கினேன். தரையைத் தொடும்வரை அண்ணாந்து பார்க்கவில்லை.